மயக்க ஊசிக்கு முன் ஒரு வாய் சோறு

என் கையெழுத்தையும் பிழைகளையும் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. வலைக்கயிறு இழுத்து இழுத்து விரல்கள் முழுசாக நீளுவதில்லை, அதனால் எழுத்து வரியைவிட்டுக் கீழே இறங்கிப் போகிறது. அச்சில் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். இதை வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. இந்த வயதுக்கு மேல் வரவும் போவதில்லை.

சொல்ல வந்தது என் மூத்த மகளுக்கு நடந்த ஆபரேஷனைப் பற்றி. ஆபரேஷனைப் பற்றிக்கூட இல்லை, அதற்கு முன்னால் கொடுக்கிற மயக்கத்தைப் பற்றி.

அவளுக்கு அப்போது ஆறு வயது. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள். பெரிய ஆள் மாதிரி குறட்டை. குறட்டை நடுவில் சட்டென்று நிற்கும், மூச்சும் நிற்கும், நெஞ்சுக்குழி மட்டும் உள்ளே போகும். பிறகு தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வந்தவள் போல ஒரு மூச்சை இழுத்து விடுவாள். காதும் மந்தமாகிவிட்டது. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளைப் பின்னால் தனியாக உட்காரவைத்துவிட்டார். பொன்னேரியில் காட்டினோம். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறது, தொண்டையில் இரண்டு பக்கமும் சதை வீங்கி முட்டிக்கொண்டிருக்கிறது, சென்னைக்குக் கொண்டுபோய் எடுத்துவிடுங்கள் என்றார்கள். குழந்தை என்பதால் முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள் என்றும் சொன்னார்கள்.

எங்கள் ஊருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர், பழவேற்காட்டுக்கு வரவேண்டுமானால் படகுதான். ஒரு வீட்டில் சொன்னது இன்னொரு வீட்டுக்குப் போக நேரமே ஆகாது. மயக்க ஊசி போட்டால் குழந்தைக்கு மூளை மழுங்கிவிடும் என்றார்கள். எங்கேயோ ஒரு குப்பத்தில் மயக்கம் கொடுத்த பிள்ளை எழுந்திருக்கவே இல்லை என்றார்கள். எந்தக் குப்பம், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தைச் சொல்லிப் பெற்றவன் வயிற்றைக் கலக்குவதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு ருசி உண்டு. குழந்தை ராத்திரியில் மூச்சு நின்று கிடக்கிறாளே என்று பார்க்க ஒருவரும் வந்ததில்லை.

எனக்கு ஒரு அக்கா. என்னைவிட மூத்தவள், அதே ஊரில் கட்டிக்கொடுத்தவள், பழவேற்காட்டு மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். என் மனைவி அப்போது இரண்டாவது பிரசவம் ஆகிக் கைக்குழந்தையோடு இருந்தாள். நானோ ஆபரேஷனுக்குத் தேதி வாங்கச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒரு பகல் முழுக்கத் தூணோடு தூணாக நின்றுவிட்டுத் திரும்பியவன். அடுத்த முறை அக்கா கூட வந்தாள். வரிசையில் முன்னால் நின்றவனோடு சண்டை போட்டு, சீட்டு எழுதுகிறவரோடு சண்டை போட்டு, மத்தியானத்துக்குள் தேதி வாங்கிவிட்டாள். அதை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து என் மகளின் ஆபரேஷன் அக்காவின் சொத்து ஆகிவிட்டது.

சீட்டைக் கொடுத்தவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முந்தின நாள் ராத்திரிக்கு அப்புறம் ஒன்றும் கொடுக்காதீர்கள், வெறும் வயிற்றோடு கொண்டுவாருங்கள் என்று மேஜையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அவளையும் மாதா மாதம் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வரச்சொல்வார்கள். அவள் வழியிலேயே இரண்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போய், ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லிக் கையை நீட்டுவாள். ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை. சர்க்காரில் யார் எதைக் கேட்டாலும், காரியம் நடக்கிற பதில் எதுவோ அதுதான் சரியான பதில் என்பது அவள் எண்ணம். ரேஷன் கடையில், பஞ்சாயத்து ஆபீசில், மீன்வளத்துறையில் எல்லாம் அவளுக்கு அது பலித்திருக்கிறது. எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்களில் ஏரியைத் தாண்டி ஒரு காரியத்துக்குப் போகிறவர் வெறும் வயிற்றோடு படகில் ஏறக் கூடாது. ஒரு வாயாவது வீட்டுச் சோறு உள்ளே போயிருக்க வேண்டும். கல்யாணம் ஆகிப் போகிற பெண்ணுக்கும் ஊட்டுவார்கள், போலீஸ் கூப்பிட்டுப் போகிறவனுக்கும் ஊட்டுவார்கள். பிள்ளைகளுக்கு ஊட்டுகிற உரிமை அத்தைக்கு. அதனால்தான் முந்தின நாள் சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போய், இந்தத் தடவை சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். "எனக்குத் தெரியாதா? தேதி வாங்கினவளே நானு" என்றாள். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

அந்த வாரம் எங்கள் குடும்பத்துக்குப் பாடு. இறால் வரும் இடங்களில் வலை கட்டுவதற்கு ஊரில் முறைவைத்து ஒதுக்கும் நாளைப் பாடு என்போம். ஆஸ்பத்திரி தேதியும் அதுவும் ஒரே நாளில் வந்து விழுந்தன. மாற்றித் தரும்படி ஊர்க்காரர்களிடம் ஆள் விட்டுக் கேட்டேன். முறை என்றால் முறைதான் என்றார்கள். என் முறையில் யார் வலை கட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு வாசலை நான் இன்றுவரை மிதிக்கவில்லை.

விடியும் நேரத்தில் கிளம்பினோம். வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. நான் பின்னால் நின்று கழி போட்டுத் தள்ளினேன். ஆழம் வந்த பிறகு எஞ்சினைப் போட்டேன். அக்கா முன்பக்கம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டு முந்தானையால் முழுக்க மூடியிருந்தாள். குளிருக்கு மூடியிருக்கிறாள் என்று நினைத்தேன். நல்லவேளை இவள் வந்தாள் என்றுகூட நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் எனக்கு எரிகிறது.

பழவேற்காட்டில் பஸ் பிடித்துத் திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரி போய், அங்கிருந்து ரயில். அனுப்பம்பட்டிலும் மீஞ்சூரிலும் வேலைக்குப் போகிற கூட்டம் ஏறி, குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் பசி என்று அழவே இல்லை. பொறுமையான பிள்ளை என்று நான் பெருமைப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு கூடத்தில் பிள்ளைகளையெல்லாம் பச்சைச் சட்டை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். மயக்கம் கொடுக்கிற டாக்டரம்மா ஒருவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். சின்ன வயது, கண்ணுக்கடியில் கறுப்பு, ராத்திரியெல்லாம் தூங்காதவர் போல இருந்தார். காய்ச்சல் உண்டா, சளி இருமல் உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது மயக்கம் கொடுத்தபோது கோளாறு ஆகியிருக்கிறதா, பல் ஆடுகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அக்கா இல்லை இல்லை என்றாள். குழந்தைக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"காலையில ஏதாவது குடுத்தீங்களா?"

"பச்சத் தண்ணி பல்லுல படல டாக்டர்" என்றாள் அக்கா.

டாக்டரம்மா எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டார். எங்களுக்கு முன்னால் இருந்த பிள்ளையை உள்ளே தூக்கிப் போனார்கள். அதன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்தது நாங்கள்தான். குழந்தைக்கு விக்கல் எடுத்தது. துண்டால் வாயைத் துடைத்தேன். துண்டில் மஞ்சளாக எண்ணெய். மோந்து பார்த்தேன். இறால் தொக்கு.

குழந்தையிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். மூக்கடைத்த குரலில், "அத்த ஊட்டுச்சி நைனா. படகுல. நெறைய" என்றாள்.

அக்காவைப் பார்த்தேன். அவள் என் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

"வாய மூடிக்கினு குந்து. வெறும் வயித்துல சாராயம் குடிச்சாலே ஆள தூக்கிப் போட்டுடுது. மயக்க ஊசி போட்டா புள்ள தாங்குமா? தெம்பா இருக்கட்டும்னுதான் ஊட்டனேன். இப்ப சொன்னா தொரத்தி உட்டுடுவாங்க. அப்புறம் எப்ப தேதி குடுப்பாங்களோ, அதுக்குள்ள ராத்திரியில மூச்சு நின்னா நீ உசுர குடுப்பியா?"

அவள் சொன்னதில் கடைசி வார்த்தை என்னை உலுக்கியது. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. சாராயக் கணக்குகூட அந்த நேரத்தில் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஏன் கொடுக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியாது. ஆனால் டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டபோது மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். காய்ச்சலுக்கும் சளிக்கும் அப்படிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கதவு திறந்து குழந்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். நான், சாப்பிட்டிருக்கிறாள் என்றேன். யார் காதிலும் விழவில்லை. அக்கா முழங்கையால் என் விலாவில் இடித்தாள். நர்சம்மா குழந்தையை வாங்கக் கையை நீட்டினார்.

"புள்ள சோறு துன்னுகீது" என்றேன்.

நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்சம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார். படிக்காத ஜனங்கள் வந்து எங்கள் உயிரை எடுக்கிறீர்கள் என்றார். சொன்னது மண்டையில் ஏறாதா, இந்த ஒரு இடத்துக்காக எத்தனை பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கின்றன தெரியுமா என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காது கூசியது. உண்மையைச் சொன்னவனுக்குத்தான் அத்தனையும் விழுந்தது. பொய் சொன்னவள் ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். என்ன சாப்பாடு, எந்த நேரம் என்று கேட்டார். சொன்னேன். இன்றைக்கு முடியாது என்று சீட்டை மூடினார். அக்கா விடவில்லை. சாராயக் கதையை அவரிடமும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. களைப்பாகச் சொன்னார்.

"மருந்து எடை பாத்துக் குடுக்கறதும்மா, வயிறு பாத்து இல்ல. மயக்கத்துல தொண்டை தளர்ந்துடும். வயித்துல இருக்கறது மேல வரும். முழிச்சிட்டு இருந்தா இருமித் துப்பிடுவா. மயக்கத்துல இரும மாட்டா. அந்தச் சோறு நேரா நுரையீரலுக்குப் போயிடும். ஏரியில முங்கினா தண்ணி உள்ள போகுதில்ல, அந்த மாதிரி. நீங்க வெளிய உக்காந்திருப்பீங்க, என் கையில புள்ள முங்கிடும்."

அவர் உள்ளே போய்விட்டார்.

இதை அவரிடம் நான் சொல்லவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். இந்த நாலு வார்த்தையைத் தேதி கொடுத்த அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? முங்குவது என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? வெறும் வயிறு, வெறும் வயிறு என்று மேஜையைப் பார்த்துச் சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு படிக்காத ஜனங்கள் என்று திட்டுகிறார்கள். படிக்காத ஜனங்கள் என்று தெரிந்தால் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்வதுதானே.

திரும்பும்போது அக்கா ரயிலில் என்னோடு உட்காரவில்லை, மகளிர் பெட்டிக்குப் போய்விட்டாள். படகு கரை தட்டுவதற்கு முன்பே புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சேற்றில் குதித்து நடந்தாள். ராத்திரிச் சோறு ஆவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவள் சொன்னது என்னவென்றால், பெரிய ஆஸ்பத்திரியில் நூறு பேர் நடுவில் நான் அவளைக் கொலைகாரி என்று சொல்லிவிட்டேன், அவள் சண்டை போட்டு வாங்கின தேதியைக் கெடுத்துவிட்டேன், குழந்தைக்கு ஏதாவது ஆனால் அது என் தலையில்தான். கொலைகாரி என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. வலை காயவைக்கும் இடத்தில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவன் மட்டும், "இன்னா மாமா, டாக்டருக்கு சாட்சி சொல்லப் போனியாமே" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

என் மனைவி நடந்ததையெல்லாம் கேட்டாள். குழந்தை இப்போது சாப்பிட்டாளா என்று கேட்டாள். பிறகு, "உங்க அக்கா இல்லாம அந்த ஆஸ்பத்திரியில யாரு பேசறது?" என்றாள்.

மறுபடி தேதி கிடைத்தது. இந்த முறை நானே போய், அந்த நர்சம்மாவிடமே கேட்டு வாங்கினேன். அவர் என்னை மறக்கவில்லை, சோற்று ஆள் என்றுதான் கூப்பிட்டார். முந்தின நாளே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள், எங்கள் கண்பார்வையில் இருக்கட்டும் என்றார். அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த வார்த்தையில் அந்த நிம்மதி போய்விட்டது. பிள்ளைகள் வார்டில் ராத்திரி ஆம்பளைகள் தங்கக் கூடாது, பொம்பளைதான் கூட இருக்கவேண்டும் என்றார். கைக்குழந்தையைக் கொண்டுவந்தாலும் உள்ளே விடமாட்டார்களாம்.

என் மனைவியின் பிறந்த வீட்டில் யாரும் இல்லை. ஊரில் வேறு எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் அக்காவைப் பகைத்துக்கொண்டு வரமாட்டாள். குழந்தையின் குறட்டை அந்த நாட்களில் இன்னும் மோசமாகியிருந்தது. நான் பக்கத்தில் படுத்து, மூச்சு நிற்கும்போதெல்லாம் அவளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து நண்டுக் கால்களை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா, இப்ப கொலகாரி வேணுமா?" என்றாள்.

அவள் கடைசி நண்டையும் உடைத்து முடிக்கும்வரை நின்றேன். கையைக் கழுவிக்கொண்டு, எத்தனை மணிக்குப் படகு என்று கேட்டாள்.

அவள் வந்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை. படகிலும் ரயிலிலும் அவள் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் வாழைப்பழம் எடுத்துச் சாப்பிட்டாலும் எனக்குப் பகீர் என்றது. அன்றைக்குக் குழந்தை சாப்பிடலாம், மறுநாள்தான் கூடாது. இருந்தாலும் அவள் பையில் இருந்த எவர்சில்வர் டப்பாவில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு என்னை விடவில்லை. டாக்டரம்மா சொன்னதை அவள் நம்பினாளா இல்லையா என்பது அவள் முகத்தில் தெரியவில்லை. கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் அவள் இறங்கித் திரும்பிவிடுவாள்.

சாயங்காலம் ஆம்பளைகளை வெளியே போகச் சொன்னார்கள். எனக்கு வெளியே போக மனசு வரவில்லை. வார்டு வாசலில் அந்த நர்சம்மா மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் போனேன்.

"இவங்கதான் போன தடவ ஊட்டனது. திரும்ப ஊட்டிடுவாங்க. கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அக்கா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் பிடிக்கப் பாட்டிலோடு வந்திருக்கிறாள். அவள் முகம் போன போக்கை நான் எழுதப்போவதில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. நேராக உள்ளே போய், தன் பையை எடுத்துவந்து நர்சம்மாவின் மேஜைமேல் வைத்தாள். உள்ளே இருந்த டப்பாவையும் திறந்து காட்டினாள். புளிச்சோறு. அவளுக்கு ராத்திரிக்கு.

"இத நீங்களே வச்சிக்கோங்க. காலையில குடுங்க" என்றாள்.

நர்சம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு பிளாஸ்திரியைக் கிழித்து, குழந்தைக்கு ராத்திரிக்கு மேல் சாப்பிட ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று எழுதி, கட்டில் கம்பியில் ஒட்டினார்.

காலையில் அவர் வேலை முடிந்து போகும்போது வெளியே இருந்த என்னிடம் நின்று சொன்னார். குழந்தை விடியற்காலையில் எழுந்து சோறு சோறு என்று அழுதாளாம். பக்கத்துக் கட்டில்காரி பிஸ்கட் கொடுக்க வந்தாளாம். அக்கா அவள் கையைத் தட்டிவிட்டாளாம். தண்ணீர் மட்டும், கொடுக்கலாம் என்று சொன்ன நேரம்வரை, நர்சம்மாவைக் கேட்டுக் கேட்டுக் கொடுத்தாளாம். சர்க்கரைக்காரி, ராத்திரி அவளும் சாப்பிடவில்லையாம். "உன்ன விட உங்க அக்கா பரவால்லய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதைக் கேட்டும் கோபம்தான் வந்தது. முதல் தடவையே இப்படி இருந்திருக்கலாமே.

அதே டாக்டரம்மா வந்தார். இந்த முறை அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டதற்கு மேலேயே சொன்னாள். பல் ஆடுகிறது என்றாள். போன மாதம் மூக்கு ஒழுகியது என்றாள். போன வருஷம் படகிலிருந்து தண்ணீரில் விழுந்தது, மூன்று வயதில் காசை விழுங்கியது, எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதைச் சொன்னது நல்லது, குழாய் வைக்கும்போது கழன்று உள்ளே விழுந்துவிடும், பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஊரில் எல்லோரும் பயமுறுத்தினார்களே, நான் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்த அந்தக் கேள்வியையும் அக்காதான் கேட்டாள்.

"மூள மழுங்கிடுமா டாக்டர்?"

"ஒரு தடவ, கொஞ்ச நேரம் குடுக்கறதால அப்படி ஆகறதா தெரியலம்மா. ரொம்பச் சின்னக் கொழந்தைக்குத் திரும்பத் திரும்பக் குடுக்கணும்னாதான் நாங்க யோசிப்போம். ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். பக்கத்துலயே இருந்து மூச்சையும் நாடியையும் பாத்துட்டே இருப்பேன். ஆனா தூக்கத்துல இவளுக்கு மூச்சு நின்னு நின்னு வருதே, அத இப்படியே உட்டா அதுதான் கெடுதல்."

குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். நானும் அக்காவும் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். ஒருவரும் உட்காரவில்லை.

வெளியே கொண்டுவந்தபோது குழந்தை கட்டிலை உதைத்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. கையில் இருந்த ஊசிக் குழாயைப் பிடுங்கப் போனாள். நான் கூப்பிட்டேன். என்னை யாரோ அந்நியன் என்பது போலத் தள்ளினாள். ஊர்க்காரர்கள் சொன்னது நடந்துவிட்டது, புத்தி போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன். டாக்டரம்மா, மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகள் இப்படித்தான், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்றார். அடங்கியது. முகம் தெரிந்தது. தெரிந்ததும் என்னிடம் வரவில்லை, அக்காவின் பக்கம் கையை நீட்டினாள். அக்கா அவளை அணைத்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. நர்சம்மா முன்னால் அவளைத் திருடி மாதிரி நிற்கவைத்துவிட்டேன் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். அது உண்மை. திரும்பவும் அதேபோல நேர்ந்தால் திரும்பவும் அதையேதான் சொல்வேன். குழந்தையின் மூச்சோடு விளையாட எனக்குத் தைரியம் இல்லை, அக்கா கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம். என் மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் முன்னால் உட்காருகிறாள். அத்தை வீட்டுக்கு அவள் போய்வருகிறாள், நான் தடுப்பதில்லை.

போன வாரம் படகுத்துறையில் ஒரு கூட்டம். அக்காவின் பேரனுக்குக் குடலிறக்கம், மறுநாள் காலையில் ஆபரேஷன், அவனைச் சேர்க்கக் கொண்டுபோகிறார்கள். இந்த முறை ஆஸ்பத்திரியில் படிக்காத ஜனங்கள் என்று பார்க்காமல், அக்காவின் மருமகளிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அக்கா நடுவில் நின்றுகொண்டு, வழியனுப்ப வந்த பொம்பளைகளிடம் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் யாராவது பிஸ்கட் நீட்டினால் கையை உடைக்கச் சொன்னாள் மருமகளிடம். தொண்டை தளர்ந்துவிடும் என்றாள். இரும மாட்டான் என்றாள். ஏரியில் முங்குவது மாதிரி என்றாள். டாக்டரம்மாவின் வார்த்தைகள் ஒன்றுவிடாமல் அவளிடம் இருந்தன. நான் கொஞ்சம் தள்ளி எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"எங்க வூட்டுலயே ஒரு புத்திசாலி கீறான். ஆபரேசன் அன்னிக்கி பெத்த பொண்ணுக்கு எறா சோறு ஊட்டி இட்டாந்தான். நான் மட்டும் பாக்கலன்னா அன்னிக்கே புள்ள போயிருக்கும்."

பொம்பளைகள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். என் கையில் இருந்த துணி கீழே விழுந்தது. இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஊர் ஜனங்கள் எதிரில் அந்த ஒருமுறை எனக்கு நிஜமாகவே பேச்சு வந்தது.

நான் சொல்லியிருந்தால் சண்டை நடந்திருக்கும். ஊர் இரண்டாகப் பிரிந்து, ஊட்டினது யார் என்பதில் நின்றிருக்கும். ஊட்டக் கூடாது என்பது அந்தச் சத்தத்தில் காணாமல் போயிருக்கும். என்மேல் இருக்கிற இளப்பத்தில் அக்கா சொல்வதை இவர்கள் நம்புகிறார்கள். நான் சொன்னால் நம்பமாட்டார்கள், வேண்டுமென்றே ஒருத்தி பேரனுக்கு ஒரு உருண்டையைக் கொடுத்தும் அனுப்புவாள். எங்கள் ஜனங்களை எனக்குத் தெரியும். அதனால் குனிந்து துணியை எடுத்துக்கொண்டேன். படகு போகும்வரை எஞ்சினையே துடைத்துக்கொண்டிருந்தேன். பையன் ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வந்துவிட்டான்.

இனி எங்கள் ஊரில் மயக்க ஊசிக்குப் போகிற பிள்ளைக்கு யாரும் ஊட்டமாட்டார்கள். அந்தக் கதை என் பெயரில்தான் சொல்லப்படும், என் மகளும் அதைக் கேட்டு வளர்வாள். சொல்லிக்கொண்டு போகட்டும். ஊட்டியது நான் இல்லை.

எழுதி முடித்தது 12-8-2024, திங்கட்கிழமை.